குடியை விட எண்ணியவர் எங்கே போவார்?

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மதுவின் தீமையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதனை இம்மேடையிலே பலர் பேசிவிட்டார்கள். கேட்டிருந்தவர்களுள்ளே குடிப்பவர் ஒருவரேனும் இருந்தாரோ என்பது எனக்கு ஐயம். குடித்துக் கெட்டவன் அதன் தீமையை நம்மிலும் நன்றாக அறிவான். பிள்ளையின் தலையிலே அடித்துச் சத்தியம் செய்தவன் மறுநாட் பொழுதுபடத் தவறணை வாசலிலே நிற்கிறானே, அவன் வேறு எங்கே போகலாம்? அதுவே இன்று என் கேள்வி.

எனக்கு மிகவும் வேண்டியவர் ஒருவர் இக்கேள்வியோடு என்னிடம் வந்தார். அவர் பெயரையும் உறவையும் சொல்லேன். இதைச் சொல்லுவதற்கு அவருடைய சம்மதம் உண்டு. பல்கலைக்கழகத்திலே படிப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணினார் போலும். எனக்கு ஒன்றும் தெரியாது. அன்றுதான் தேடத் தொடங்கினேன்.

1935 ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரத்திலே, பில் வில்சன் என்னும் பங்குத் தரகர், வந்த காரியம் கைகூடாமல், ஒரு விடுதியின் முன்மண்டபத்திலே தனியே நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுச்சாலை, மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். குடியினால் அல்லற்படும் ஒருவரை எனக்குக் காட்டுங்கள் என்று தேவாலயங்களிலே விசாரித்தார். போதிப்பதற்கன்று, தாம் குடியாதிருப்பதற்கு இன்னொரு குடிகாரரோடு கதைக்க வேண்டியிருந்தது. அவ்விதம் கிடைத்தவர் பொப் சிமித் என்னும் சத்திரவைத்தியர். கால் மணி நேரம் மட்டுமே என்று சொல்லி வந்தவர் பல மணி நேரம் இருந்துவிட்டார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகிய 1935 யூன் 10 ஆந் திகதியையே அல்ககோலிக்ஸ் அனொனிமஸ் சங்கத்தின் பிறந்தநாளாகக் கொள்ளுகிறார்கள். பெயர் வெளியிடாக் குடிநோயாளர் என்பது அதன் பொருள்.

அங்கே கட்டணம் இல்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்குப் போதும். திறந்த கூட்டத்துக்கு எவரும் போகலாம். மூடிய கூட்டம் குடிநோயுடையவருக்கு மட்டுமே. ஒருவர் தம் கதையைச் சொல்ல, மற்றவர்கள் இடைமறியாது கேட்பார்கள். நம் செயலாளர் அவர்கள் மன்னிக்க வேண்டும். வரவேற்புரை, நன்றியுரை இரண்டும் இல்லாத கூட்டம் அது! மனைவிமாரும் பிள்ளைகளும் கூடுவதற்கு அல்-அனொன் என்னும் தனிச்சங்கம் 1951 இலே தோன்றியது.

இவ்வளவையும் படித்து அறிந்துகொண்டு, நான் அவரை ஒரு நகரத்துக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். பஸ்ஸிலே திரும்பி வருகையில் வெகுநேரம் பேசாதிருந்தவர், "தம்பி, அங்க இருந்தவங்க நல்ல மனிசர். ஆனா என்ட பாவத்தை இங்கிலீசில சொல்ல எனக்கு வராது," என்றார். நான் வெட்கினேன். மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்த எனக்கு அந்தப் பாஷை ஒரு தடையாகவே தோன்றியிருக்கவில்லை.

கூட்டம் தேடுவோர் ஆகவே முதலிலே பாஷையைக் கேளுங்கள். பிறகு நேரம்: இரவிலே கடலுக்குப் போகிறவனுக்கு ஏழு மணிக் கூட்டம் எதற்கு? திருகோணமலையிலிருந்து நிலாவெளி ஏறக்குறைய 15 கிலோமீற்றர். கூட்டம் முடிந்தபின் திரும்பிவர வண்டி உண்டா? ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றைப் பாருங்கள். முதல் நாளே மனம் ஒட்டாவிட்டால் அது எவருடைய குற்றமும் அன்று.

"இது கிறிஸ்தவர்களின் காரியமல்லவா?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். ஒக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து இது கிளைத்தது மெய்தான். ஆயினும் கடவுளை அவரவர் தாம் உணர்ந்தவாறே கொள்ளலாம் என்பதை 1939 இலே வெளிவந்த தங்கள் நூலிலேயே எழுதிவைத்தார்கள். நான் காலையிலே பள்ளிக்கூடத்து ஜெபத்துக்கும் வெள்ளி மாலையிலே கோணேசர் சந்நிதிக்கும் போய் வளர்ந்தவன். கூட்டம் தேவாலய மண்டபத்திலே நடந்தாற்கூட, போகிறவரின் திருநீறு அழிந்துவிடாது.

ஓர் எச்சரிக்கையை மட்டும் மறவாதீர்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது. சில நாட்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் புத்திமயக்கமும் உண்டாகி உயிருக்கே மோசம் வரலாம். முதலிலே வைத்தியரிடம் போக வேண்டும். கூட்டம் அதற்குப் பிறகு. சென்னையிலே தம் கணவரைக் குடிக்குப் பலிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980 இலே தொடங்கிய நிலையம், மருந்தோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை கூறுகிறது.

நான் சொன்னவர் இப்பொழுது தமிழ்நாட்டுத் தமிழ்க் கூட்டம் ஒன்றைக் கைத்தொலைபேசியிலே கேட்கிறார். வாடிக்குள்ளே இருந்து, காதிலே கருவியை மாட்டிக்கொண்டு கேட்கிறார். அது பெரிய உதவிதான். ஆனால் ஊரிலே திருவிழா முடிந்த இரவில், கை போத்தலைத் தேடும்பொழுது, கதவைத் தட்டித் தேநீர் கேட்கத் தொலைபேசியால் முடியுமா?

இரண்டு மூன்று பேர் கூடினாலே அதனைக் குழுவென்று சொல்லலாம் என்பது அவர்களுடைய முறை. வேறெந்தச் சங்கத்தோடும் அது இணைந்திருக்கலாகாது. ஆதலால் இதனை நம் மன்றம் நடத்த முடியாது. நம் பெயர்ப்பலகையும் அதற்கு வேண்டாம். அறை ஒன்றை மட்டும் கொடுக்கலாம். அதற்கும் அவர்கள் வாடகை தருவார்கள். பத்து ரூபாவானாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசிகசாலையின் பின்னறை ஞாயிறு பின்னேரங்களிலே சும்மா கிடக்கிறது. அதன் கதவு ஒழுங்கைப் பக்கம் திறப்பதால் வருபவரை வீதியிலே நிற்பவர்கள் காணமாட்டார்கள். ஒருவர் வர இசைந்திருக்கிறார். இன்னும் ஒருவர் வேண்டும்.