கேரம் பலகையும் நம் மஹல்லா இளைஞர்களும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இளைஞர் நலப் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

மதரஸாவின் பின்புறக் கூடத்தில் மழைக்காலத்தில் ஒரு கேரம் லீக் நடத்த அனுமதி வேண்டி நாம் விண்ணப்பம் அளித்துள்ளோம். அல்லாஹ்வின் வேதம் ஓதப்படும் இடத்தின் அருகே காய் அடிக்கும் ஓசையா எனப் பெரியவர்கள் சிலர் வருந்தியதாக அறிகிறோம். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் எமது தரப்பையும் கேட்டருள வேண்டுகிறோம்.

மரக்காணத்தின் ஆண்டு, உப்பின் ஆண்டு. ஐப்பசி மழை தொடங்கியதும் பாத்திகளில் வேலை நின்றுவிடும். உப்புக் குவியல்கள் கீற்றுப் போர்த்தி உறங்கத் தொடங்கும். அளத்தில் கூலி செய்வோரும், லாரியில் மூட்டை ஏற்றுவோரும், அவர்களை நம்பிக் கடை வைத்திருப்போரும் இரண்டு மூன்று மாதங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். மாலைப்பொழுதில் இளைஞர்கள் எங்கே செல்கிறார்கள்? வாடகைப் பலகை போட்டிருக்கும் இடத்திற்குச் செல்கிறார்கள். அங்கே தோற்றவன் பலகை வாடகையைத் தர வேண்டும் என்பது வழக்கம். முதலில் வாடகை, பிறகு தேநீர், பிறகு இருபது ரூபாய், பிறகு நூறு. வருமானம் இல்லாத மாதத்தில்தான் இப்பந்தயம் வளர்கிறது என்பதை வீட்டுப் பெண்கள் நம்மைவிட நன்கறிவார்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தெருமுனைப் பந்தயத்தை நிறுத்துவதோ நம் கையில்தான் இருக்கிறது.

மார்க்கத்தின் நிலை குறித்து உலமாக்களிடம் கேட்டோம். பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தை ஹதீஸ் கடுமையாகத் தடுத்துள்ளது. கேரமில் பகடை இல்லை, கைத்திறனும் கணிப்பும்தான் உண்டு. எனினும் இதனை வெறுப்போரும் உலமாக்களில் உளர். அனுமதிப்போரும் இரண்டு நிபந்தனைகள் விதிக்கின்றனர். தொழுகை தவறக் கூடாது, இரு தரப்பும் பணம் வைத்து வென்றவர் எடுத்துக்கொள்ளும் சூது கலக்கக் கூடாது. ஆகவே எமது லீக்கில் நுழைவுக் கட்டணமும் இல்லை, பணப் பரிசும் இல்லை. "வாடகை மட்டும்தானே" என்ற சமாதானத்திற்கும் இடமில்லை. தோற்றவன் தலையில் விழும் எந்தக் காசும் பந்தயத்தின் வாசற்படியே என்பது எமது கருத்து.

ஆடாதவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். கறுப்பில் ஒன்பது காய், வெள்ளையில் ஒன்பது, நடுவில் ஒரு சிவப்பு. சிவப்பைப் போட்டவர் உடனே தம் காய் ஒன்றையும் போட்டு ‘ஃபாலோ’ செய்தாக வேண்டும். தவறினால் சிவப்பு மீண்டும் நடுவுக்கே வந்துவிடும். முதலில் தம் காய்களை முடித்தவருக்கு, எதிராளியிடம் எஞ்சிய காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. சிவப்புக்கு 3 புள்ளிகள்; ஆனால் 21 புள்ளிகளைத் தாண்டியவருக்கு அது கிடைக்காது. 25 புள்ளிகளோ 8 போர்டுகளோ முடிந்தால் ஓர் ஆட்டம் முடியும். தெருவில் தகராறு விளைவது பெரும்பாலும் இந்த விதிகளை ஆளுக்கொரு விதமாகச் சொல்வதால்தான். நடுவர் ஒருவர் அமர்ந்தால் பாதிச் சண்டை குறையும்.

நாக் அவுட் முறையை விடுத்து லீக் முறையை ஏன் கேட்கிறோம் என நிர்வாகிகள் வினவினார்கள். பன்னிருவர் ஆடும் நாக் அவுட்டில் 11 ஆட்டங்களோடு எல்லாம் முடிந்துவிடும். முதல் நாளில் தோற்றவன் மறுநாள் பழைய இடத்திற்கே திரும்புவான். நாம் யாரை அழைக்க விரும்புகிறோமோ அவனைத்தான் அம்முறை முதலில் வெளியேற்றுகிறது. லீக்கில் ஒவ்வொருவரும் மற்ற பதினொருவரோடும் ஆட வேண்டும். மொத்தம் 66 ஆட்டங்கள். இரண்டு பலகைகளில் இரவுக்கு நான்கு ஆட்டங்கள் வீதம் 17 இரவுகள். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் ஆடினால் ஆறு வாரங்கள் ஓடும். நேற்றுத் தோற்றவனுக்கு இன்றும் ஓர் ஆட்டம் காத்திருக்கும். நன்றாக ஆடத் தெரியாதவனும் கடைசி இரவு வரை தேவைப்படுவான்.

நம் ஊருக்கே உரிய ஓர் இடையூறும் உண்டு. மழை நாளில் உப்பு கசிவதைப் போலவே பலகையும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காய் நகராது, போரிக் பவுடரும் கட்டி தட்டிவிடும். பலகைக்கு மேல் தொங்கும் பழைய குண்டு பல்பு வெளிச்சத்தோடு சூட்டையும் தந்தது. இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் அந்தச் சூடு இல்லை. ஆகவே பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல், உறையிட்டு உலர்ந்த அறையில் படுக்கையாக வைக்க ஏற்பாடு செய்துள்ளோம்.

இவ்விளையாட்டில் தமிழகத்தின் பங்கு சிறிதன்று. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் தோன்றியது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்று, 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலகப் பட்டம் வென்றார். 2024-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றவர் காசிமா. வட சென்னையில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகள். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

அச்செய்தி வந்தபோது நம் தெருவில் இனிப்பு வழங்கியோரும் உண்டு. அவர்களிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றே. நம் மஹல்லாப் பெண் பிள்ளை ஒருத்தி அமர்ந்து ஆட ஒரு பலகை நம்மிடம் உண்டா? இல்லை. பையன்களுக்காவது தெருமுனை இருக்கிறது. ஆதலால் விண்ணப்பத்தின் இரண்டாம் பகுதியாக, சனிக்கிழமை முற்பகலில் பெண் பிள்ளைகளுக்குத் தனியே, ஆசிரியை ஒருவரின் பொறுப்பில் பயிற்சி நடத்தவும் அனுமதி கோருகிறோம். முதல் பகுதிக்குத் தலையசைத்த சிலர் இதற்குத் தயங்குகிறார்கள். இரண்டில் ஒன்றுதான் இயலுமெனில் எதைத் தருவீர்கள் என்று நிர்வாகம் எம்மைக் கேட்டது. பெண் பிள்ளைகளுக்குரியதைத் தாருங்கள் என்றே விடையளித்தோம்.

ஆட்டம் இஷா தொழுகைக்குப் பிறகே தொடங்கும். ஜமாஅத்துடன் தொழுதவருக்கே அன்றைய ஆட்டம். இரவு 10 மணிக்குக் கூடம் பூட்டப்படும். ரமலான் மாதத்தில் பலகை விரிக்கப்படாது. ஆண்களுக்கான இரண்டு பலகைகளை உறுப்பினர் இருவர் அன்பளிப்பாகத் தந்துவிட்டனர். பெண் பிள்ளைகளுக்கான பலகை ஒன்றும், அதற்குரிய காய்களும் ஸ்ட்ரைக்கரும் இன்னும் தேவை. தர விரும்புவோர் அடுத்த ஜும்ஆவுக்குள் செயலாளரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம்.