பொம்மைக் காருக்குப் புது பேட்டரி

பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த பேட்டரி கார் பல வீடுகளில் இன்று துணி மூட்டை வைக்கிற இடமாகிவிட்டது. கேட்டால், "முதல்ல பறந்துச்சு, இப்ப நகரவே மாட்டேங்குது" என்பார்கள். பெரும்பாலும் காரில் குற்றமில்லை. இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். கறுப்பாக ஒரு பேட்டரி இருக்கும், மேலே 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) என்று அச்சிட்டிருக்கும். சின்ன வண்டியானால் 6 வோல்ட். ஈய-அமில பேட்டரி இது. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் மூலையில் கிடந்தால், ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு விடிய விடிய சார்ஜ் போட்டாலும் பயனில்லை.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 காட்டும், அதை நம்பிவிடாதீர்கள். பிள்ளையை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லுங்கள். சட்டென்று 10-க்குக் கீழே சரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றப் போகும்போதுதான் சபலம் தட்டும். டிரில்லிங் மெஷினின் 18 வோல்ட் பேட்டரியை மாட்டினால் கார் சீறுமே! சீறும்தான். வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆனால் சக்கரம் எங்காவது மாட்டி நின்றால் மோட்டாரில் ஏறும் சூடு இரண்டு மடங்கைத் தாண்டும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியரின் பற்கள் மழுங்கும், சர்க்யூட் போர்டு கருகும். அமெரிக்காவில் 1998-இல் பிஷர்-பிரைஸ் நிறுவனம் தன் பவர் வீல்ஸ் வண்டிகளில் 1 கோடி வரை திரும்ப அழைத்தது. மின்பாகங்கள் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பதே காரணம். மேலே உட்கார்ந்திருப்பது நம் குழந்தை.

ஆகவே வோல்ட்டைத் தொடாதீர்கள், ஏ.எச்.-ஐக் கூட்டுங்கள். வேகம் கூடாது, ஓடும் நேரம் கூடும். யு.பி.எஸ். பேட்டரி விற்கும் கடையில் 12 வோல்ட், 9 ஏ.எச். கேளுங்கள். 7 ஏ.எச். இருந்த பள்ளத்திலேயே பொதுவாக இதுவும் உட்காரும். பழைய சார்ஜரே போதும், கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஒரு சின்னச் சிக்கல்: 7-இல் முனைத்தகடு பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர் அகலம், 9-இல் 6.3. பழைய கிளிப் ஏறாது. இடுக்கியால் நெரித்து ஏற்றாமல், கடைக்காரரிடமே கிளிப்பை மாற்றித் தரச் சொல்லுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான். கம்பியைச் சுற்றி ஓட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

லித்தியம் போடலாமா? எடை பாதியாகும், உண்மை. ஆனால் அதற்கென்று தனி சார்ஜர், தனிப் பாதுகாப்புச் சர்க்யூட் எல்லாம் வேண்டும். விளையாட்டு வண்டிக்கு அவ்வளவு செலவு தண்டம் என்பேன்.

வண்டியை ஓட்டாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் எறியாதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். கடையில் கொடுங்கள், எடைக்குத் தக்கபடி விலையில் கழித்துக்கொள்வார்கள்.