வாசகர் கடிதமும் நாவலாசிரியரின் பதிலும்

(வேளாங்கண்ணியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எழுதுகிறவன் தன் புத்தகத்தைத் தானே விற்கலாமா, வாசகர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமா என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். விற்ற கதையை முதலில் முடித்துவிடுகிறேன். முதல் நாவல் வந்த புதிதில் ஒரு ரெக்ஸின் பையில் இருபது பிரதிகளைப் போட்டுக்கொண்டு நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று பஸ்ஸில் போனேன். இதே மாதா கோயில் கடைத்தெருவில் மெழுகுவர்த்தியும் ஜெபமாலையும் விற்கிற ஒருவர், "ஜெபப் புஸ்தகம்னா போகும் சார், கதைப் புஸ்தகத்தை இங்க வந்து யாரு வாங்குவா?" என்றார். நியாயம்தானே! நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர் நாவலா வாங்குவார்? ஒரு பிரதியை அவருக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

விற்கிற வித்தையைக் கல்கியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் நம்ம பக்கத்து ஆள். மாயவரத்துக்குப் பக்கத்தில் புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்தவர். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் ஆரம்பித்து 1954 மே வரை வாராவாரம் வந்தது. மணியத்தின் படங்கள் ஒரு பலம் என்பார்கள். உண்மைதான். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய பலம் அவர் போட்ட ஊர்ப் பெயர்கள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் கதை தொடங்குகிறது. அப்புறம் கடம்பூர், குடந்தை, பழையாறை, தஞ்சை, நாகை, கோடிக்கரை. அடுத்த வாரம் நம்ம ஊர் வருமா என்று காவிரிக்கரைக்காரன் காத்திருக்க மாட்டானா? வாரப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் இந்தப் பக்கம் எத்தனையோ உண்டு. நடுவில் சோப்பு விளம்பரம், தைல விளம்பரம் எல்லாம் இருக்கும். அதையும் சேர்த்தே படித்து வளர்ந்தோம்.

மூன்றரை வருஷம் கூடவே வந்த வாசகர்கள், கதை சட்டென்று முடிந்துவிட்டதே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கி சும்மா இருக்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதைச் சொன்னார். ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற முடிச்சை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவிழ்க்கவே இல்லை. அந்த டிசம்பரிலேயே அவர் மறைந்தார். அவருக்குப் பிறகு அந்தக் கேள்வி வருவது மட்டும் நிற்கவில்லை. எங்களிடம் வருகிறது!

நாகையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்தார். கையில் சிவப்பு மையில் கோடு போட்ட புத்தகம். "கதை நடக்கிறது சுந்தர சோழர் காலத்தில. அப்ப சூடாமணி விகாரம் ஏதுங்க?" கேள்வி சரியானது. லெய்டன் செப்பேட்டின்படி அது ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர்கள் எடுப்பித்தது. அவனுடைய 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊர் அதற்குக் கொடையாக விடப்பட்டது. கதை நடப்பதோ 970-ஐ ஒட்டி. "இளவரசரை ஒளித்து வைக்க நாவலாசிரியருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது ஐயா" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. திருப்தியாக வேண்டிய அவசியமும் இல்லை. அவ்வளவு கவனமாகப் படிக்கிறவர் கிடைப்பதே பெரிய விஷயம்.

ஜெயகாந்தன் வேறு விதமாகப் பதில் சொன்னவர். 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை நாளில் காரில் வந்த ஒருவனிடம் ஏமாந்து வீடு திரும்பிய பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அதெப்படி என்று கொதித்தார்கள் வாசகர்கள். அவர் தாயை மாற்றவில்லை. சரி, தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஒரு நாவலே எழுதிவிட்டார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது.

எல்லாக் கேள்வியும் கேள்வியாகவே வருவதில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. நாலு வருஷம் கழித்து எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவிக்கும்படி ஆயிற்று. பிடிக்காத புத்தகத்தைப் படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் சொன்ன பிறகுதான் அவர் மறுபடி எழுத வந்தார். இடையில் போன ஒன்றரை வருஷத்தை யார் திருப்பித் தருவது? பதில் கேட்பது வேறு, பணியச் சொல்வது வேறு.

எனக்கு வந்த ஒரு கடிதத்தைச் சொல்லி முடிக்கிறேன். திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். என் நாவலில் அடிபட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்த மருமகள் கடைசியில் புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போவாள். "அவள் போயிருக்கக் கூடாது. நான் போகல. இருபது வருஷமா நடவுக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வச்சிட்டேன். அதை ஏன் நீங்க எழுதல?" என்று கேட்டிருந்தார். மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். இரண்டாம் பதிப்பு வந்தபோது முடிவை மாற்றலாமே என்று பதிப்பாளரும் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. அவள் திரும்பிப் போனவள்தான். அப்படிப் போனவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவின் கடிதத்தை அப்படியே நாவலுக்கு முன்னால் போடலாமா என்று கேட்டு எழுதினேன். ஒரு கார்டு வந்தது: "போடுங்க. பேரு வேண்டாம்."

பேர் இல்லாமல் போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் வருகிற கடிதங்களில் பாதி எனக்கு இல்லை, அந்த அம்மாவுக்குத்தான் வருகிறது. அனுப்பி வைத்துக்கொண்டிருக்கிறேன்.