எத்தனை அங்குலம் வாங்கலாம், டீச்சர்?

(மரக்காணம் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில், 2025 மே மாதம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து நம் எல்லோருக்கும் ஒரே மாதிரியான அழைப்புகள் வருகின்றன. எந்தக் கல்லூரி என்பது முதல் கேள்வி. அடுத்தது, "டீச்சர், பிள்ளைக்கு லேப்டாப் வாங்கணும், எத்தனை இன்ச் வாங்கலாம்?" தொடக்கப்பள்ளி ஆசிரியர்களையும் இந்தக் கேள்வி விடுவதில்லை. உப்பளத்துக்குப் போகும் ஒரு தாய்க்கு நன்றாகப் பழக்கமானவர், தன் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த டீச்சர்தான். அவர் வாசலுக்குத்தான் வருவார். நான் கணித ஆசிரியை. கணினி பற்றிப் பேச என்னைவிடப் பொருத்தமானவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வியில் பாதி கணக்கு என்பதால் பேச ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒன்று. உடனே வாங்காதீர்கள் என்று சொல்லுங்கள். 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. சேர்ந்த கல்லூரியில் விசாரித்து, முதல் பருவம் போகட்டும் என்று பொறுத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. என்ன பாடம், ஆய்வகத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதற்குள் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

அப்படியும் வாங்கியே ஆக வேண்டும் என்றால், அங்குலம் என்றால் என்ன என்று முதலில் புரியவேண்டும். அது திரையின் மூலைவிட்டம். அகலமும் அல்ல, உயரமும் அல்ல. பிதாகரஸ் தேற்றத்தை நடத்தும்போது நான் ஓர் ஏ4 தாளை எடுத்துக் காட்டுவேன். 29.7 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம். மூலைவிட்டம் 36.4 செ.மீ., அதாவது 14.3 அங்குலம். ஆக, 14 அங்குல மடிக்கணினி என்பது ஏறக்குறைய ஓர் ஏ4 தாள். கடைக்குப் போகாமலேயே அளவு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

14-க்கும் 15.6-க்கும் 1.6 அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஒரே வடிவம் என்றால் பரப்பு, பக்கங்களின் வர்க்கத்தைப் போல மாறும். கணக்குப் போட்டால் திரைப் பரப்பு 24 சதவீதம் கூடுகிறது. படிக்கும் கண்ணுக்கு அது லாபம். தூக்கும் தோளுக்கு வேறு கணக்கு.

வடிவம் மாறினால் அதே அங்குலத்திலும் பரப்பு மாறும். 2006-இல் வீடு வீடாக வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும் 14 அங்குலம்தான். அது 4-க்கு 3 என்ற விகிதம். இன்றைய மடிக்கணினி பெரும்பாலும் 16-க்கு 9. நீண்டு, குள்ளமாக இருக்கும். கணக்குப்படி பழைய வடிவத்தில் சுமார் 600 சதுர செ.மீ. வந்தால், இதில் 540-தான் வரும். 16-க்கு 10 என்ற விகிதத்திலும் இப்போது கிடைக்கிறது. அதில் உயரம் ஒன்றரை செ.மீ. அளவுக்குக் கூடும், பாடநூலின் பக்கத்தைத் திறந்தால் இன்னும் இரண்டு வரி தெரியும். விலை ஒத்து வந்தால் அதையே எடுக்கச் சொல்வேன்.

இனி தோளின் கணக்குக்கு வருகிறேன். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் பெற்றோர் இருவரும் உப்பு வாருபவர்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வேலை இல்லை. தை பிறந்த பிறகுதான் மறுபடி பாத்தி மிதிப்பார்கள். வருமானம் இல்லாத அந்த மாதங்களில், தோட்டை அடகு வைத்து மகளுக்கு மடிக்கணினி வாங்கினார்கள். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்குப் பெரிசாத்தான் வேணும் என்று கடைக்காரர் 15.6 அங்குல கேமிங் மாடலைக் கொடுத்துவிட்டார். இரண்டே கால் கிலோ. சார்ஜர் மட்டும் அரைக் கிலோவுக்கு மேல். திண்டிவனத்துக்கு ஒரு மணி நேரம், பெரும்பாலும் நின்றுகொண்டே பயணம். பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், நோட்டுகள் வேறு. இரண்டு வாரம் தூக்கிப் போனாள். பிறகு அது வீட்டு அலமாரியில் தங்கிவிட்டது. கல்லூரியில் அவள் குறிப்பெடுப்பது கைப்பேசியில். வட்டி மட்டும் மாதம் தவறாமல் போகிறது.

அந்தப் பிள்ளைக்கு அறிவுக் குறைவும் இல்லை, ஆர்வக் குறைவும் இல்லை. பொருள் அவள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். எனவே என்னிடம் எத்தனை அங்குலம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன். விடுதியா, தினமும் பேருந்தா? வீட்டில் மேசை இருக்கிறதா, பாயில் உட்கார்ந்து படிப்பதா? வகுப்பில் எழுதும் இடம் பெஞ்சா, கைப்பலகை வைத்த நாற்காலியா? பகலில் சார்ஜ் போட இடம் உண்டா?

தினமும் பேருந்து, வீட்டில் பாய், கல்லூரியில் கைப்பலகை நாற்காலி என்றால் 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள். நம் பகுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். பரீட்சை அட்டையை மடியில் வைத்து அதன்மேல் வைத்தால் அடங்கும். 15.6 அதன் விளிம்புவரை வந்துவிடும். திரை பெரிதானால் மின்கலமும் பொதுவாகச் சீக்கிரம் தீரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குறைந்த விலையில் அதிகம் கிடைப்பது 15.6 அங்குல மாடல்கள்தான். எடை குறைந்த 14 அங்குலத்துக்குச் சில ஆயிரம் கூடலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். மூன்று ஆண்டுக்கு 36,000. ஏறக்குறைய ஒரு சாதாரண மடிக்கணினியின் விலை. அந்தப் பணம் அலமாரியில் தூங்கக் கூடாது என்றால், சில ஆயிரம் கூடக் கொடுப்பது சரி என்றே நினைக்கிறேன். நினைவகம் 8 ஜிபி, சேமிப்பு 256 ஜிபி எஸ்எஸ்டி. இதற்குக் குறைந்தால் எந்த அளவானாலும் வேண்டாம்.

பெரிய திரையே வேண்டியவர்களும் உண்டு. பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 15.6-க்குக் குறைவாகப் பரிந்துரைக்காதீர்கள். கட்டட வரைபடம் படிக்கும் பிள்ளை விடுதியில் மேசையோடு இருக்கிறது என்றால் பெரியதே நல்லது. வணிகவியல் பிள்ளைகள் எண் விசைகளுக்காக 15.6 கேட்பார்கள். தனி எண் விசைப்பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்காகத் தினமும் சுமை ஏற்ற வேண்டாம். வீட்டில் புதுத் தொலைக்காட்சி இருந்தால் ஒரு எச்டிஎம்ஐ வயரில் அதுவே பெரிய திரையாகிவிடும். 11.6 அங்குலம் மலிவாகத் தெரியும். ஒரு பக்கம் பாடம், ஒரு பக்கம் குறிப்பு என்று இரண்டைத் திறந்தால் இரண்டும் படிக்க முடியாது. அதைத் தவிர்க்கலாம். 14 அங்குலத்தில் எழுத்து சிறிதாகத் தெரிந்தால் அமைப்பில் 125 சதவீதம் வைத்துக்கொள்ளலாம். தமிழில் கி-யும் கீ-யும் அப்போதுதான் பிரித்துத் தெரிகின்றன.

நம் ஊருக்கு மட்டுமான ஒரு விஷயமும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். குவித்த உப்பு கசிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே உப்புத்தூள் மடிக்கணினியின் காற்றுத் துவாரத்தில் போய் உட்கார்ந்தால், ராத்திரி ஈரத்தில் உப்புநீராகி உள்ளே செம்பை அரிக்கும். கேமிங் மாடலின் விசிறி பெரிது. அது இழுக்கும் காற்றும் அதிகம். கடல் பக்கத்து ஜன்னல் ஓரம் திறந்து வைக்காமல், வேலை முடிந்ததும் ஜிப் போட்ட பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போகச் சொல்லுங்கள். அதன் கல்லூரிப் பையில் நோட்டுகள், தண்ணீர் பாட்டிலோடு மடிக்கணினியையும் சார்ஜரையும் போட்டு, தோளில் மாட்டி, பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நிற்கட்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். யாருக்காவது கேள்வி இருந்தால் தேநீர் வருவதற்குள் கேட்டுவிடுங்கள்.