ரப்பர்க் காசில் எழுந்த கப்பல் துறை



ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் இடைப்பட்ட கரையில் நின்று தெற்கே நோக்கினால், சுமார் ஒரு மைல் தண்ணீருக்கு அப்பால் சிங்கப்பூரின் செம்பவாங் தெரியும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரிட்டிஷார் தங்கள் பெரிய கடற்படைத் தளத்தையும், போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்கும் துறையையும் அங்கேதான் கட்டினார்கள். அந்தத் துறையின் கதையில் தோட்டத்து மக்களாகிய நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைப் பற்றி அதிகமாக யாரும் பேசுவதில்லை. இன்று நாம் பேசுவோம்.

1921ஆம் ஆண்டில் லண்டனில் முடிவு செய்தார்கள். ஜப்பானின் கடற்படை வலுத்துவந்தது. பிரிட்டனின் பெருங்கப்பல்களோ ஐரோப்பாவில் நின்றன. ஆபத்து வந்தால் அவை கிழக்கே ஓடிவர வேண்டும். வந்தால் எண்ணெய் நிரப்பவும் அடிப்பாகத்தைச் செப்பனிடவும் ஓர் இடம் வேண்டும். அதற்கு ஜொகூர் நீரிணையைத் தேர்ந்தெடுத்தார்கள். செம்பவாங் அப்போது பெரும்பாலும் ரப்பர்த் தோட்டமும் சதுப்புக் காடுமாகத்தான் கிடந்தது. பால்மரங்களைச் சாய்த்து, மேட்டைக் கரைத்து, சதுப்பைத் தூர்த்து நிலத்தைச் சமன் செய்தவர்கள் இந்தியத் தொழிலாளர்களும் சீனத் தொழிலாளர்களும்.

பணம் எங்கிருந்து வந்தது? பிரிட்டன் மட்டும் கொடுக்கவில்லை. நியூசிலாந்து 10 லட்சம் பவுன் கொடுத்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டு மாநிலங்கள் 1926இல் 20 லட்சம் பவுன் தர ஒப்புக்கொண்டன. அந்த மாநிலங்களின் கஜானா எதனால் நிறைந்தது? ஈயத்தாலும் ரப்பராலும். விடியுமுன் வாளியும் உளியும் எடுத்துக்கொண்டு நிரைக்குப் போன நம் பாட்டன் பாட்டிமாரின் உழைப்பும் அந்த 20 லட்சத்தில் இருந்தது. அவர்களிடம் யாரும் கேட்டு எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்! ஜொகூர் சுல்தான் இப்ராஹிமும் 1935இல் 5 லட்சம் பவுன் அன்பளிப்பாகக் கொடுத்தார். அதில் ஒரு பகுதியைக் கொண்டு சாங்கியில் நிறுவப்பட்ட 15 அங்குலப் பீரங்கிகளுக்கு ஜொகூரின் பெயரே சூட்டப்பட்டது.

1928இல் இங்கிலாந்திலிருந்து ஒரு மிதக்கும் துறையைத் துண்டுகளாக்கிச் சூயஸ் கால்வாய் வழியே இழுத்துவந்தார்கள். 50,000 டன் எடையைத் தூக்கக்கூடியது அது. அதைவிட வியப்பானது, 1938 பிப்ரவரி 14ஆம் நாள் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை. நீளம் 1000 அடி, அகலம் 130 அடி.

உலர்துறை எப்படி வேலை செய்கிறது? நம் பால் ஸ்டோரில் பாலை உறையவைக்கும் நீண்ட தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பல நூறு மடங்கு பெரிதாக்கிக் கடலோரத்தில் வெட்டி, கடல் பக்கம் ஒரு கதவு வைத்தால் உலர்துறை. கதவு திறந்திருக்கும்போது கடல்நீர் உள்ளே நிறைந்திருக்கும். கப்பல் மிதந்தே நுழையும். பிறகு கதவை அடைத்து, பம்புகளால் நீரை இறைப்பார்கள். நீர் வடிய வடியக் கப்பல் மெல்ல இறங்கி, அடியில் வரிசையாக வைத்த கட்டைகளின்மேல் உட்காரும். உடனே ஆட்கள் கீழே இறங்கி, அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, சாயம் பூசுவார்கள். 1940இல் குவீன் மேரி என்னும் மாபெரும் பயணிக் கப்பல்கூட இங்கே வந்து அடிப்பாகத்தைச் சுத்தம் செய்துகொண்டது.

துறை இருந்தது, அதில் நிற்பதற்குக் கப்பல்கள்தாம் இல்லை. ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டபடியால் பெரும்படை வரவில்லை. 1941 டிசம்பர் 2ஆம் நாள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெருங்கப்பல்கள் சில சிறு கப்பல்களுடன் வந்து சேர்ந்தன. எட்டே நாளில், டிசம்பர் 10ஆம் நாள், குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 840 மாலுமிகள் மாண்டனர்.

எதிரி கடல் வழியே வருவான் என்று எதிர்பார்த்த தளத்துக்கு, அவன் கோத்தா பாருவில் இறங்கி, மலாயா முழுவதும் நடந்தும் சைக்கிளிலும் ஜொகூர் வழியாக வந்தான். கிம்மாஸ், மூவார், பத்து பகாட் என்று சண்டை ரப்பர்த் தோட்டங்களுக்குள்ளேயே நடந்தது. 1942 ஜனவரி 31ஆம் நாள் ஜொகூர்ப் பாலத்தை வெடிவைத்துப் பிளந்துவிட்டுப் பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. மிதக்கும் துறையைத் தாங்களே மூழ்கடித்தார்கள். எண்ணெய்த் தொட்டிகள் எரிந்து வானம் கருத்ததைப் பெரியவர்கள் சொல்ல நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். சாங்கிப் பீரங்கிகள் கடலை மட்டுமே பார்த்தன, திரும்பவே இல்லை என்று இன்றும் சொல்வார்கள், அது சரியல்ல. அவற்றில் சில திரும்பி ஜொகூரை நோக்கிச் சுட்டன. ஆனால் அவற்றின் குண்டுகள் பெரும்பாலும் கப்பலின் இரும்பைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்டவை; மண்ணில் விழுந்து புதைந்தன. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

பிறகு ஜப்பானியர் அத்துறையைத் தங்கள் கப்பல்களுக்குப் பயன்படுத்தினார்கள். 1944 நவம்பர் 5ஆம் நாள், வங்காளத்தின் கரக்பூர் பகுதியிலிருந்து சுமார் 3000 கிலோமீட்டர் பறந்துவந்த அமெரிக்க விமானங்கள் உலர்துறையின் கதவருகே குண்டு போட்டுப் பல வாரங்களுக்கு அதை முடக்கின. 1945 ஜூலை 31இல் ஒரு குட்டி நீர்மூழ்கி நீரிணைக்குள் நுழைந்து தக்காவோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் அடியில் புகுந்தது. மெகெனிஸ் என்ற முக்குளிப்பவர் வெளியே வந்து, கப்பலடியில் மண்டியிருந்த சிப்பிகளை அரை மணி நேரம் சுரண்டிவிட்டுத்தான் வெடிகளை ஒட்டவைக்க முடிந்தது.

போர் முடிந்ததும் பிரிட்டிஷார் திரும்பினார்கள். தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்கள் வாழ்ந்த பகுதியில் மரத்தடியில் தொடங்கிய முருகன் கோயில் ஒன்று வளர்ந்து, பங்குனி உத்திரத்துக்குப் பெயர் பெற்றது. 1968இல் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. தளத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 6 கோடி பவுன் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதன் கப்பல் துறை அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு மாறி, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கத் தொடங்கியது. அதற்காகப் பெறப்பட்ட பெயரளவு விலை ஒரு வெள்ளி.