ஈரக் கடலையும் ஈரல் புற்றுநோயும்

(திருவண்ணாமலையில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புற்றுநோய் என்றதும் பீடி, சிகரெட், பான் மசாலா என்றுதான் நாம் பேசுவோம். அவை பெரிய எதிரிகள்தாம், சந்தேகமில்லை. புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதைப் பற்றியெல்லாம் மேடைகளில் பலமுறை பேசியாகிவிட்டது. இன்று நான் பேச வந்தது, நம் கடைகளில் நம் கையாலேயே எடை போட்டுக் கொடுக்கிற ஒரு பொருளைப் பற்றி. மல்லாட்டை!

மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை, நிலக்கடலை என்பார்கள். மணிலாக்கொட்டை நம் பக்கத்து நாக்கில் மல்லாட்டை ஆகிவிட்டது. செங்கம், போளூர், வந்தவாசி என்று நம் மாவட்டம் முழுக்க விளைகிறது. காலையில் இட்லிக்குச் சட்னி, பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் வறுத்த பொட்டலம், பிள்ளைக்குக் கடலை மிட்டாய், தாளிக்க எண்ணெய், மாட்டுக்குப் புண்ணாக்கு. நல்ல மல்லாட்டை நல்ல உணவு. ஏழைக்குக் கிடைக்கும் புரதம் அது. அதைத் தின்னாதே என்று சொல்ல நான் வரவில்லை.

பிறகு என்ன ஆபத்து? ஈரம்! ஈரத்தில் கிடக்கும் கடலையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பூஞ்சை பிடிக்கும். அது கக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியவில்லை. கடைசியில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தீவனத்தில் கலந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதுதான் இந்த நஞ்சை உலகம் அறிந்தது. மனிதனுக்கு நிச்சயமாகப் புற்றுநோய் தரும் பொருள் என்று 1987-ல் இது பட்டியலிடப்பட்டது.

நம் நாட்டிலேயே நடந்ததைக் கேளுங்கள். 1974-ல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற பழங்குடி ஏழைகளில் 106 பேர் ஈரல் கெட்டு மாண்டார்கள். அவர்களோடு உண்ட நாய்களும் செத்தன. அது ஒரேயடியாக நஞ்சு அதிகம் போனதால் வந்த சாவு. கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் சத்தம் காட்டாது. ஈரலில் உள்ள செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி காவல் காக்கும் ஒரு மரபணு உண்டு. இந்த நஞ்சு அந்தக் காவலனையே அடித்துவிடும். உடலில் ஏற்கெனவே ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தால் ஆபத்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அல்ல. ஷாங்காய் நகரில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1994-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய 60 மடங்கு! பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடவேண்டிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை, 'பச்சைக் குழந்தைக்கு எதற்கு ஊசி' என்று தள்ளிப்போடும் தாய்மார்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வறுத்தால் போய்விடுமே என்பீர்கள். பூஞ்சை செத்துவிடும், நஞ்சு முழுவதும் போகாது. வேகவைத்தாலும் அப்படித்தான். ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கி, மாட்டுக்குள் போய், பாலில் வேறு உருவில் வரும். மீதி எண்ணெயில் இருக்கும். இப்போது மரச்செக்கு எண்ணெய் என்று போர்டு மாட்டினால் விலை இரட்டிப்பு. செக்கு நல்லதுதான். உள்ளே போடும் கடலை சொத்தையாக இருந்தால் மரம் என்ன செய்யும்?

இனி வணிகச் சகோதரர்களுக்கு வருகிறேன். ஆடியில் விதைத்த மல்லாட்டை ஐப்பசி மழையில்தான் களத்துக்கு வருகிறது. விவசாயிக்குக் காயவைக்க இடமில்லை, கடன்காரன் வாசலில். அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டிவிடுகிறார். அவரைக்கூட மன்னிக்கலாம். காய்ந்து வந்த கடலையிலும், உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கட்டும், எடையும் நிற்கட்டும் என்று தண்ணீர் தெளிக்கிறார்களே, அதற்கு என்ன பெயர்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம்! மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். அன்று குவியலுக்குள் மறைந்திருந்த அதே ஈரம்தான் இன்று நம் மூட்டைக்குள் இருக்கிறது.

ஹலால் என்றால் அறுப்பு முறை மட்டும்தான் என்று நம் இளைஞர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இறைமறை ஹலாலோடு தூய்மையையும் சேர்த்தே கேட்கிறது. பூஞ்சை பிடித்த கடலையில் தூய்மை எங்கே?

'எல்லாம் விதி, வருவது வந்தே தீரும்' என்பவர்களும் உண்டு. அவர்கள் சீனாவின் சிடோங் பகுதியைப் பார்க்கட்டும். ஈரல் புற்றுநோய் மிக அதிகமாக இருந்த இடம். மக்கள் தின்றது பூஞ்சை பிடித்த மக்காச்சோளம். 1980-களில் அரசின் கொள்கை மாறி, அரிசி உணவுக்கு வந்தார்கள். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் அந்நோயால் வரும் சாவு பாதிக்கும் மேல் குறைந்தது. அவர்களெல்லாம் தடுப்பூசித் திட்டம் வருவதற்கு முன்பே பிறந்தவர்கள். தட்டில் இருந்தது மாறியது, சாவு குறைந்தது.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது எளிது. சுருங்கியது, நிறம் மாறியது, முளை விட்டது, கசப்பது எதையும் தின்னாதீர்கள். வாயில் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். கடலைப் பொடியாக வாங்காமல் பருப்பாக வாங்கிக் கண்ணால் பாருங்கள். குறைவாக வாங்கி, உலர்ந்த டப்பாவில் வையுங்கள்.

விற்கிறவருக்கு வேலை கொஞ்சம் அதிகம். காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். பருப்பின் ஈரம் நூற்றுக்கு 8-ஐத் தாண்டக் கூடாது. ஈரம் பார்க்கும் கருவியை நாலு கடைக்காரர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். மூட்டையைத் தரையிலும் சுவரோரமும் போடாமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், சணல் சாக்கு காற்று விடும்.

கடைசியாக ஒன்று. பெண்கள் உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கித் தள்ளுகிறார்களே, நஞ்சில் பெரும்பகுதி அந்தப் பொறுக்கிய குவியலில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் நேரடியாகத் தின்னும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருக்கக் கூடாது. அதனால் அங்கே போகிற சரக்கைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். பொறுக்கியது எங்கே போகிறது? மலிவு விலைக்குச் செக்குக்கும், மிட்டாய்க்கும், சட்னிப் பொடிக்கும் போனால் அதைத் தின்பது யார்? ரேஷன் கடை வரிசையில் நிற்கிற அதே ஏழைதான். வருகிற ஐப்பசிக்குள், சொத்தைக் கடலையை உணவுக்கும் தீவனத்துக்கும் விற்பதில்லை, அடுப்பில் எரித்துவிடுவோம் என்று நம் கடைக்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுங்கள். மூட்டைக்குச் சில படி நஷ்டம் வரும். அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.