அல்வாரெஸ் கேட்ட உரிமை

1923-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாக உருவானது. அதன் ஆயராகத் திபுர்சியுஸ் ரோச் என்ற இயேசு சபைக் குரு நியமிக்கப்பட்டார். நவீன காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவர்தான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி இது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று கோவாவின் ரிபந்தர் மருத்துவமனையில், ஏழைகளின் நடுவே இன்னொரு இந்தியப் பேராயர் இறந்துபோனார். அவரை அடக்கம் செய்ய எந்தக் கத்தோலிக்கக் குருவும் வரவில்லை. வர வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். அந்தோனியோ ஃபிரான்சிஸ்கோ சேவியர் அல்வாரெஸ் என்பது அவர் பெயர். திருச்சபை அவரைப் பிளவுக்காரர் என்று ஒதுக்கியது. இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். அல்வாரெஸ் விசுவாசத்தோடு மோதவில்லை. ஒரு மக்களுக்கு மேய்ப்பர் யார் என்பதை அந்த மக்களைக் கேட்காமலே தொலைவில் உட்கார்ந்து முடிவு செய்யலாமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. அவரைத் தள்ளிய திருச்சபையே பின்னால் அந்தக் கேள்விக்குச் செவிசாய்த்தது.

பினாங்கில் இருக்கும் நமக்கு இந்த வழக்கு அந்நியமானது அல்ல. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து கிழக்கு நாடுகளின் கத்தோலிக்கக் கோயில்களைப் பராமரிக்கும் பொறுப்பும், ஆயர்களை முன்மொழியும் உரிமையும் போர்த்துகல் அரசருக்கு இருந்தன. பத்ரோவாதோ என்று அந்த ஏற்பாட்டைச் சொல்வார்கள். கோவாவும் கொச்சியும் மலாக்காவும் அதன் தூண்கள். போர்த்துகலின் கை தளர்ந்தபோது, 1622-இல் உரோமையில் தொடங்கப்பட்ட விசுவாசப் பரப்புச் சபை தன் குருக்களை நேரடியாக அனுப்பியது. ஒரே ஊரில், ஒரே விசுவாசத்தில், இரண்டு அதிகாரங்கள் உருவாயின. 1838-இல் திருத்தந்தை 16-ஆம் கிரகோரி மலாக்காவைப் போர்த்துகலின் ஆதரவிலிருந்து பிரித்தார். ஆனாலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் போர்த்துகல் மறைபரப்புக் கோயில்கள் 1981 வரை மக்காவ் ஆயரின் கீழ்தான் இருந்தன. நம் தீவு பிரெஞ்சுக் குருக்களின் பொறுப்பில் வளர்ந்தது. அவர்களுடைய பொதுக் குருமடம் 1808-இல் பினாங்கில் நிலைபெற்றது. ஆசிய இளைஞர்களை ஆசியாவுக்கே குருக்களாக உருவாக்குவது அதன் நோக்கம். பிற்காலத்தில் கொரியாவில் மறைசாட்சிகளாக உயிர்நீத்த இம்பெர், சஸ்தான் போன்றவர்கள் அங்கே பாடம் நடத்தியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட குருமடத்தைத் தன் மண்ணில் வைத்திருந்தும், இந்த ஊர் ஆசியர் ஒருவரை ஆயராகப் பார்க்க 1955 வரை காத்திருந்தது. பினாங்கு தனி மறைமாவட்டமாகி, பிரான்சிஸ் சான் அதன் முதல் ஆயரானது அந்த ஆண்டில்தான். குருமடம் வந்ததிலிருந்து கணக்கிட்டால் 147 ஆண்டுகள்.

இனி இலங்கைக்கு வருவோம். ஏனென்றால் அல்வாரெசின் வழக்கு உயிர்பெற்றது அங்கேதான். டச்சுக்காரர்கள் இலங்கையின் கரையோரத்தை ஆண்டபோது கத்தோலிக்கக் குருக்கள் அங்கே கால்வைக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். 1687-இல் அந்தத் தடையை மீறி, மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவர் கோவாக் குருவான யோசேப் வாஸ். மறைந்து வாழ்ந்து, காடு கடந்து, கண்டியில் சிறைப்பட்டு, கோயில் இல்லாத மக்களுக்குப் பூசை வைத்தார். அவருக்குப் பின் வந்த ஜாகோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி அந்த மக்களின் விசுவாசத்துக்கு மொழி கொடுத்தார். இவர்களெல்லாம் கோவாவின் இந்தியர்கள். ஐரோப்பிய மறைபரப்பாளர் ஒருவரும் எட்டிப்பார்க்க முடியாத காலத்தில், ஒன்றரை நூற்றாண்டு இலங்கைக் கத்தோலிக்கத்தைக் காப்பாற்றியது இந்தப் பழுப்பு நிறக் கைகள்தான். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேப் வாசைப் புனிதராக அறிவித்தபோது உலகமே இதை ஒப்புக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியச் சபைகள் இலங்கைக்குத் திரும்பின. அமலமரித் தியாகிகள் 1847-இல் வந்தார்கள். 1886-இல் உரோமைக்கும் போர்த்துகலுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலங்கையில் கோவாவின் கீழ் எஞ்சியிருந்த கோயில்கள் ஐரோப்பிய ஆயர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. வாசின் வாரிசுகள் வெளியேற வேண்டும். அந்தக் கோயில்களைத் தங்கள் காசில் கட்டி, தங்கள் உழைப்பில் காத்த மக்களை எவரும் கேட்கவில்லை.

அந்த மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. கொழும்பில் மருத்துவராக இருந்த கோவாக்காரர் லிஸ்போவா பின்டோ தலைமையில் பொதுநிலையினர் சங்கம் அமைத்தார்கள், உரோமைக்கு மனுப் போட்டார்கள். பலன் இல்லை. 1893-இல் கொழும்பு அச்சகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய சங்கத்துக்குத் தலைவராக நின்றவரும் இதே பின்டோதான். கோயிலில் தொடங்கிய உரிமைப் பேச்சு அச்சுக்கூடத்துக்கும் போனது என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. மனுக்கள் தோற்ற பிறகு இவர்கள் கண்ணில் பட்டவர் அல்வாரெஸ். 1836-இல் கோவாவின் வெர்ணாவில் பிறந்து குருவான அவர், பத்திரிகை நடத்தி அரசையும் கோவா பேராயரையும் அச்சமின்றி விமர்சித்தவர். அதற்கான தண்டனையையும் அனுபவித்தவர். இவர்களுக்கு ஆயராக, கேரளத்தின் கோட்டயம் பழைய செமினாரியில் 1889 ஜூலை 29 அன்று, உரோமையின் கீழ் இல்லாத மலங்கரைச் சிரியன் ஆயர்கள் அவரைத் திருநிலைப்படுத்தினார்கள். அவர்களில் ஒருவர், பின்னர் அந்தச் சபை புனிதராக வணங்கிய பருமலை மார் கிரிகோரியோஸ். மார் யூலியுஸ் என்ற பெயரோடு இலங்கை, கோவா, இந்தியாவுக்குப் பேராயரானார் அல்வாரெஸ். கொழும்பு ஹல்ஸ்டோர்ப்பில் இருந்த நல்மரண மாதா கோயில் அவருடைய தலைமைக் கோயில். மன்னாரின் பறப்பாங்கண்டலில் தமிழ்க் கத்தோலிக்கர்களும் அவர் பக்கம் நின்றார்கள்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். இவர்கள் முதலில் கேட்டது போர்த்துகல் அரசரின் ஆதரவு தொடரவேண்டும் என்றுதானே? ஒரு காலனிய அரசரின் சலுகைக்காகப் போராடியவர்களை உரிமைப் போராளிகள் என்று எப்படிச் சொல்வது? ஆட்சேபத்தின் முதல் பாதி உண்மை. கோவா பேராயரே ஐரோப்பியர் என்பதையும் மறைக்க முடியாது. ஆனால் இலங்கையில் இருந்த சாதாரணக் கத்தோலிக்கனுக்குப் பத்ரோவாதோ என்றால் லிஸ்பனில் இருக்கும் அரசர் அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தன் வீட்டுக்கு வந்து, தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, தன் தகப்பனை அடக்கம் செய்த கோவாக் குரு. அவரைப் பிரிய மறுத்ததைச் சட்ட மொழியில் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த ஒரே வார்ப்பு, அரசரின் உரிமை. அந்த வார்ப்பு உடைந்த பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் அவர்கள் மனத்தைக் காட்டும் சான்று. பிரிட்டிஷ் அரசின் ஆங்கிலிக்கன் ஆயர் கொழும்பிலேயே இருந்தார். அவரிடம் போகவில்லை. கோட்டயத்துக்குப் போனார்கள். தோமா அப்போஸ்தலரின் மரபு தங்களுடையது என்று சொல்லும் இந்திய ஆயர்களிடம் போனார்கள். போய்ச் சேர்ந்த பிறகும் லத்தீன் பூசையையே வைத்துக்கொள்ள அந்த ஆயர்களின் தலைவரான அந்தியோக்கியா பிதாப்பிதாவிடம் அனுமதி பெற்றார்கள். செபம் மாறவில்லை, பூசை மாறவில்லை, மாதா மாறவில்லை. கொள்கைப் புரட்சி செய்ய வந்தவர்கள் இப்படியா நடந்துகொள்வார்கள்?

பட்டத்துக்கு ஆசைப்பட்ட மனிதர் என்பது இரண்டாவது ஆட்சேபம். ஆசைக்காரனின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அல்வாரெசின் வாழ்க்கை எப்படி இருந்தது? கோவாவுக்குத் திரும்பியபோது கைது செய்யப்பட்டார், ஆயருக்குரிய உடைகள் பறிக்கப்பட்டன. அதன்பின் எளிய கறுப்பு அங்கியோடு நடமாடினார். காலரா பரவிய காலத்தில் நோயாளிகளிடம் போனார், அந்த நோய்க்குச் செய்யவேண்டிய சிகிச்சையைப் பற்றிக் கையேடு எழுதி அச்சிட்டார். பஞ்சத்துக்கு மாற்றாக மரவள்ளிக் கிழங்கு பயிரிடுவதைப் பற்றியும் எழுதினார். நம் மலேசிய மண்ணில் ஜப்பானியர் காலத்தைக் கடந்த குடும்பங்களுக்கு மரவள்ளியின் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. கைவிடப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்காகப் பணஜியில் பிச்சை எடுத்தார். பேராயர் என்ற பட்டம் அவருக்குக் கொடுத்த சுகம் இவ்வளவுதான். அவரைச் சபை விலக்கியிருந்த ஊரில், சவப்பெட்டியின் பின்னால் பிச்சைக்காரர்களும் ஏழைகளும் திரண்டார்கள் என்பதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மூன்றாவது ஆட்சேபத்துக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை, அதை மூடி மறைக்கவும் மாட்டேன். தனித்து நின்ற சபை என்ன ஆனது? 1892 மே 29 அன்று அல்வாரெஸ் கொழும்பில் ரெனே விலாத் என்பவரை அமெரிக்காவுக்கு ஆயராகத் திருநிலைப்படுத்தினார். அந்த விலாத் யார் யாரையோ ஆயராக்கிக்கொண்டே போனார். மக்கள் இல்லாத ஆயர்கள், கோயில் இல்லாத பேராயர்கள் என்று ஒரு நீண்ட வரிசை அதிலிருந்து பெருகியது. விலாத்தே 1925-இல் உரோமையோடு ஒப்புரவாகிவிட்டார். இலங்கையில் இயக்கம் மெல்லக் கரைந்தது. கர்நாடகத்தின் பிரம்மாவரில் அல்வாரெசின் மக்கள் இன்றும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபைக்குள் இருக்கிறார்கள், நிலைத்தது அது ஒன்றுதான். ஆக, தனி ஆயர் என்ற மருந்து நோயைத் தீர்க்கவில்லை. குருமடமும் நிலமும் அடுத்த தலைமுறைக் குருக்களும் இல்லாமல் ஒரு சபை நிற்காது. அல்வாரெஸ் இதைக் குறைவாக மதிப்பிட்டார். விலாத்தைத் தேர்ந்தது அவருடைய தெளிவான தவறு. மருந்து தவறு என்பதால் நோயே இல்லை என்று சொல்ல முடியுமா? 1893-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் இந்தியாவில் சொந்த மண்ணின் குருக்களை உருவாக்க வேண்டும் என்று சுற்றுமடல் எழுதி, கண்டியில் பாப்பரசர் குருமடத்தைத் தொடங்க வழிசெய்தார். கொழும்பு கொந்தளித்த சில ஆண்டுகளுக்குள், அதே தீவில். 1919-இல் திருத்தந்தை 15-ஆம் ஆசீர்வாதப்பர், மறைபரப்பு நாடுகளின் குருக்கள் ஐரோப்பியருக்கு எடுபிடிகளாக இருக்கக்கூடாது, தங்கள் சபையைத் தாங்களே நடத்தத் தக்கவர்களாக வேண்டும் என்று உலகுக்கே அறிவித்தார். நான்கு ஆண்டுகளில் தூத்துக்குடி. 1955-இல் நம் பினாங்கு. உரோமையின் இந்த முடிவுகளுக்கு வேறு காரணங்களும் இருந்தன. அல்வாரெசால்தான் இவை வந்தன என்று நான் சொல்லவில்லை. அவர் சுட்டிக்காட்டிய குறை உண்மையானது என்பதற்கு உரோமையின் இந்த ஆவணங்களே போதும் என்கிறேன்.

கீழ்ப்படிந்து காத்திருந்திருக்கலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தனக்கு வந்த துன்பத்தைக் குரு ஒருவர் பொறுத்துக்கொள்வது புண்ணியம்தான். மக்களின் கோயிலும் குருவும் அவர்களைக் கேட்காமல் கைமாறும்போது, அந்த மக்கள் சார்பில் பேசவேண்டிய குரு வாய்மூடி இருப்பதைப் புண்ணியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனுவும் பத்திரிகையும் பலிக்காதபின்தான் கோட்டயத்துப் பயணம் நடந்தது. சாகும் தறுவாயில் திரும்பி வரச்சொல்லிக் கோவா ஆயரகம் எடுத்த முயற்சியை அவர் ஏற்காததையும் இந்த வரிசையில் வைத்தே நான் பார்க்கிறேன். படுக்கையில் இருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குப் பூசையோடு அடக்கம் கிடைத்திருக்கும். பறப்பாங்கண்டலிலும் பிரம்மாவரிலும் அவரை நம்பி வெளியே வந்து, சபை விலக்கத்தைச் சுமந்த குடும்பங்களுக்கு அந்த ஒரு வார்த்தை என்ன அர்த்தம் கொடுத்திருக்கும்? அவர்களைத் தெருவில் விட்டுவிட்டுத் தான் மட்டும் வீட்டுக்குள் போக மறுத்த மனிதரை, பிடிவாதக்காரர் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது நியாயம் இல்லை. யோசேப் வாசின் கதையைச் சொல்லும் மறைக்கல்வி வகுப்புகளில், அவருடைய கடைசி வாரிசுகளுக்கு 1886-இல் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் அல்வாரெசின் பெயர் இல்லாமல் கதை முழுமை பெறாது.